பின்லாந்தில் நிலம் உயர்கிறது என்றால், கடல்மட்ட உயர்வு அவர்களைத் தொடாதா?

கேள்வி இதுதான்: “பின்லாந்தில் வருடத்துக்கு 7 சதுர கிலோமீட்டர் புது நிலம் கடலிலிருந்து வெளியே வருகிறதாம். உண்மையா? உண்மை என்றால், கடல்மட்டம் உயர்வதைப் பற்றி அவர்கள் கவலைப்படவே வேண்டாம்தானே?” இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவதுக்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம்: உண்மைதான். நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டாவது என்று நினைக்கிறேன். நிலமும் உயர்கிறது, கடலும் உயர்கிறது, இதில் எது முந்தும் என்று கேட்கிறீர்கள். அதற்குப் பதில் பின்லாந்தின் எந்தக் கரையில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. மேற்கே வாசாவில் ஒரு பதில், தெற்கே ஹெல்சின்கியில் வேறொரு பதில்.

நான் நிலவியல் படித்தவன். பனியுகம் விட்டுப்போன மண்ணும் கல்லும்தான் என் பாடம். அதற்காக வாசாவை ஒட்டிய கரையில் நான்கு கோடைகாலம் மண் மாதிரி எடுக்கும் வேலை பார்த்திருக்கிறேன். நிலம், மண், ஏரி பற்றிச் சொல்வதெல்லாம் அந்த அனுபவத்திலிருந்து சொல்வது. கடல்மட்டக் கணிப்பு என் துறை இல்லை. அதில் அந்தத் துறைக்காரர்கள் பொதுவாக ஒப்புக்கொண்டதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் நிலம் ஏன் உயர்கிறது என்று பார்ப்போம். சுமார் 20,000 வருடங்களுக்கு முன் வட ஐரோப்பா முழுவதையும் பனிப்பாளம் மூடியிருந்தது. நடுப்பகுதியில் அதன் கனம் 3 கிலோமீட்டர் வரை இருந்திருக்கும். அவ்வளவு பாரத்தைத் தாங்க முடியாமல் பூமியின் மேலோடு பல நூறு மீட்டர் கீழே அமுங்கியது. அடியில் இருக்கும் மேன்டில் பாறை கெட்டியானதுதான். ஆனால் ஆயிரக்கணக்கான வருடம் விடாமல் அழுத்தினால் அதுவும் மெல்ல ஒழுகும். அப்படித்தான் அது ஓரங்களுக்கு ஒதுங்கியது. சுமார் 10,000 வருடங்களுக்கு முன் பின்லாந்தை விட்டுப் பனி போய்விட்டது, பாரம் இறங்கிவிட்டது. ஆனால் ஒதுங்கிய பாறை உடனே திரும்பி வருமா? இலவம்பஞ்சு மெத்தையில் ஒருவர் வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் பள்ளம் மெதுவாக மேலே வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான், ஆயிரக்கணக்கான வருடக் கணக்கில். ஆரம்பத்தில் இன்றைய வேகத்தைப் போலப் பத்து மடங்கு வேகத்தில் எழும்பியது. இப்போது வேகம் குறைந்துவிட்டது, நிற்கவில்லை.

பனி எங்கே அதிகம் கனத்ததோ அங்கேதான் இன்றும் அதிகம் உயர்கிறது. பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் இடையே இருக்கும் போத்னியா வளைகுடாவின் நடுப்பகுதியில், வாசா பக்கம், வருடத்துக்கு 8 முதல் 9 மில்லிமீட்டர். ஹெல்சின்கியில் சுமார் 4. ரஷ்ய எல்லையை ஒட்டிய ஹமினாவில் இன்னும் குறைவு. இவை ஊகம் அல்ல, அளந்து கண்டவை. பின்லாந்தில் நாடு முழுக்கத் துல்லிய மட்ட அளவை மூன்று முறை செய்திருக்கிறார்கள். முதலாவது 1892-ல் தொடங்கியது, மூன்றாவது 2006-ல் முடிந்தது. ஒரே கல்லின் உயரத்தைத் தாத்தா காலத்திலும் பேரன் காலத்திலும் அளந்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். 1990-களிலிருந்து ஜிபிஎஸ் நிலையங்களும் இதையே உறுதி செய்கின்றன. வேகத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் அந்த 7 சதுர கிலோமீட்டர் என்ற எண்ணைக் கொஞ்சம் தளர்வாகவே பிடித்துக்கொள்ளுங்கள். அது நாடு முழுவதுக்குமான உத்தேசக் கணக்கு. ஒவ்வொரு வருடமும் யாரும் கரையைச் சுற்றி அளந்து சொல்வதில்லை. கரையின் சரிவையும் உயரும் வேகத்தையும் வைத்துப் போட்ட கணக்கு அது. கடல்மட்டம் வேகமாக உயர்ந்தால் அந்த எண் தானாகச் சுருங்கும்.

நம் ஆட்களில் பலர், ஏன், அந்த ஊர்க்காரர்களே முன்பு கேட்ட ஒரு கேள்வி உண்டு: நிலம் உயர்கிறது என்று எப்படித் தெரியும், தண்ணீர் குறைந்தாலும் அப்படித்தானே தெரியும்? வெப்பநிலை அளவுக்குப் பெயர் கொடுத்த ஆண்டர்ஸ் செல்சியஸ் அப்படித்தான் நினைத்தார். சுவீடன் கரையில் கடல்நாய்கள் ஏறிப் படுக்கும் பாறைகளுக்கு அந்தக் காலத்தில் நல்ல மதிப்பு. வேட்டைக்காரர்கள் அவற்றைச் சொத்தாகவே வைத்திருந்தார்கள், பத்திரங்களில் பதிவு செய்தார்கள். சில பாறைகள் தண்ணீருக்கு மேல் உயரமாகிப் போய், கடல்நாய் ஏற முடியாமல், பயனற்றுப் போயின. செல்சியஸ் இதைக் கவனித்து, 1731-ல் யாவ்லே நகருக்கு அருகே லோவ்க்ருண்ட் தீவின் பாறையொன்றில் அன்றைய நீர்மட்டத்தில் ஒரு கோடு வெட்டச் செய்தார். அந்தக் கோடு இன்று தண்ணீரை விட்டு எங்கோ மேலே இருக்கிறது. கடல் வற்றுகிறது என்பது அவர் முடிவு. ஆனால் கடல் வற்றினால் எல்லாக் கரையிலும் ஒரே அளவில்தானே வற்ற வேண்டும்? இடத்துக்கு இடம் வேகம் மாறுகிறது என்று அளவுகள் காட்டியதும் அந்த விளக்கம் நிற்கவில்லை. 1765-ல் எஃப்ரைம் ரூனெபெரி, நிலம்தான் அசைகிறது என்று சொன்னார். பனியின் பாரம்தான் காரணம் என்பதை 1865-ல் ஸ்காட்லாந்தின் தாமஸ் ஜேமிசன் எடுத்துவைத்தார். கடல்நாய் வேட்டைக்காரர்களின் பத்திரத்தில் தொடங்கிய விஷயம் இவ்வளவு தூரம் வந்தது எனக்கு இன்றும் வியப்புதான்.

மில்லிமீட்டர் என்றதும் சின்ன விஷயமாகத் தோன்றும். வாசா பக்கத்துக் கரை எவ்வளவு தட்டை என்று பார்த்தால்தான் அது புரியும். நான் தங்கியிருந்த வீட்டுக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல். அவர் அப்பா கட்டிய படகுக் கொட்டகை ஒன்று அங்கே இருந்தது. கட்டும்போது படகை நேராகத் தண்ணீரிலிருந்து உள்ளே இழுத்துவிடலாமாம். நான் பார்த்தபோது கொட்டகை வாசலிலிருந்து புல்தரை, அதைத் தாண்டி நாணல், நாணலைத் தாண்டித்தான் தண்ணீர். வருடத்துக்கு 8 மில்லிமீட்டர் வீதம் அறுபது வருடம் என்றால் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கரையின் சரிவு இருநூறுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், அந்த அரை மீட்டர் தண்ணீரை நூறு மீட்டர் தள்ளிவிடும். அவர் இரண்டு முறை புதுப் படகுத்துறை போட்டிருந்தார். மூன்றாவதைப் பேரன் போடட்டும் என்றார்.

ஊர்களே இப்படி இடம் மாறியிருக்கின்றன. கொகெமாகி ஆற்றின் முகத்துவாரம் மேடிட்டுப்போய்க் கப்பல் வர முடியாததால், உல்விலா என்ற பழைய வணிக ஊருக்குப் பதிலாக 1558-ல் கடலுக்கு அருகே போரி நகரத்தை அமைத்தார்கள். வாசா 1606-ல் உருவான நகரம். அதன் துறைமுகமும் காலப்போக்கில் ஆழம் குறைந்துகொண்டே வந்தது. 1852-ல் ஊர் தீயில் அழிந்தபோது, அதே இடத்தில் திரும்பக் கட்டாமல் ஏழு கிலோமீட்டர் போல விலகி, கடலோரத்தில் புது ஊரைக் கட்டினார்கள். பழைய வாசாவின் கல் தேவாலயத்தின் இடிபாட்டை இன்றும் போய்ப் பார்க்கலாம். கடல் கண்ணுக்கே தெரியாது.

புதிதாக வெளியே வந்த நிலம் யாருக்குச் சொந்தம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கரையில் வீடு வைத்திருப்பவருக்கு அது தானாகச் சேராது. அந்தத் தண்ணீர்ப் பரப்பு யாருடையதோ, அவர்களுடையது. பெரும்பாலும் கிராமத்தாரின் கூட்டுச் சொத்து. ‘வெசியாட்டோ’, அதாவது தண்ணீர் விட்டுப்போன நிலம் என்று அதற்குச் சட்டத்திலேயே பெயர் உண்டு. கரைக்காரர் வேண்டுமானால் உரிய விலை கொடுத்துத் தன் மனையோடு சேர்த்துக்கொள்ளலாம். நில அளவைக்காரர்களுக்கு அங்கே இது வாடிக்கையான வேலை.

நிலம் எழும்பும்போது உயிர்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஆழமில்லாத ஒரு குடாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாயில் அடியில் ஒரு மேடு இருக்கிறது. மேடு உயர உயர வாய் குறுகுகிறது. அந்த நிலையில் அதை ‘ஃபிளாடா’ என்கிறார்கள். உள்ளே தண்ணீர் அமைதியாக இருக்கும், வசந்தத்தில் கடலைவிடச் சீக்கிரம் வெதுவெதுப்பாகும். பைக், பெர்ச் மீன்கள் முட்டையிட அங்கேதான் வரும். பிறகு வாய் கிட்டத்தட்ட மூடி, கடல் பொங்கும்போது மட்டும் உப்புநீர் எட்டிப்பார்க்கும். அப்போது அது ‘க்ளோ’. அதன்பின் முழு நன்னீர்க் குளம், அதற்கும் பின் பாசி மூடிய சதுப்பு. ஒரே தீவில் ஒரு மணி நேரம் நடந்தால் இந்த எல்லா நிலைகளையும் வரிசையாகப் பார்த்துவிடலாம். கரையிலும் அப்படித்தான். தண்ணீரை ஒட்டிப் புல், அடுத்து ஆல்டர் மரவரிசை, அதன் பின்னால் பிர்ச், உள்ளே ஸ்ப்ரூஸ் காடு. கடலிலிருந்து உள்ளே நடப்பது காலத்தில் பின்னோக்கி நடப்பது மாதிரி. சும்மா உவமைக்காகச் சொல்லவில்லை. நாம் நிற்கும் இடம் கடலைவிட எவ்வளவு உயரம் என்று பார்த்து, அதை நிலம் உயரும் வேகத்தால் வகுத்தால், அந்த இடம் கடலை விட்டு வந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று உத்தேசமாகச் சொல்லிவிடலாம். இந்தக் காரணத்துக்காகத்தான் வாசாவுக்கு எதிரே இருக்கும் குவார்க்கன் தீவுக்கூட்டத்தை 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, சுவீடன் பக்கத்து உயர்கரையோடு சேர்த்து.

இதற்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. என் வேலை அதில்தான் இருந்தது. சுமார் 8,000 வருடங்களுக்கு முன் பால்டிக் கடல் இன்றைவிட உப்பாக இருந்தது, அந்தக் காலத்துக் கடலை லிட்டோரினா கடல் என்பார்கள். அதன் அடியில் கந்தகம் சேர்ந்த கருஞ்சேறு படிந்தது. தண்ணீருக்கு அடியில் கிடக்கும் வரை அது யாரையும் தொந்தரவு செய்யாது. நிலம் உயர்ந்து அது இன்று வயலாக இருக்கிறது. உழவர்கள் வடிகால் வெட்டினார்கள், காட்டுக்காரர்களும் வெட்டினார்கள். நீர்மட்டம் இறங்கி, சேற்றில் காற்று புகுந்தது. கந்தகம் கந்தக அமிலமாகிறது. நான் முதல் தடவை துரப்பணக் குழாயை இழுத்தபோது, மேலே ஒரு மீட்டருக்குச் சாதாரணப் பழுப்பு மண், அதற்குக் கீழே மை போலக் கறுத்த களிமண், அழுகிய முட்டை நாற்றம். மாதிரியைத் தட்டில் திறந்து வைத்துச் சில வாரம் கழித்துப் பார்த்தால் சாம்பல் நிறமாகி, விரிசல்களில் மஞ்சள் பொடி பூத்திருந்தது. லிட்மஸ் வைத்துப் பார்க்கவே தேவையில்லை, நாக்கு கூசும் அளவுக்கு அமிலம். வறண்ட கோடைக்குப் பின் அடைமழை வந்தால் இந்த அமிலமும், அது கரைத்த அலுமினியம் போன்ற உலோகங்களும் சேர்ந்து ஆற்றில் இறங்கும். கிரோன் ஆறு, லாபுவா ஆறு போன்றவற்றில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்ததுண்டு. ஐரோப்பாவிலேயே இந்த வகை மண் அதிகம் இருப்பது பின்லாந்தின் இந்தக் கரையில்தான். வடிகாலில் மதகு வைத்து, கருஞ்சேறு எப்போதும் நனைந்தே இருக்கும்படி நீர்மட்டத்தைப் பிடித்து வைப்பதுதான் இப்போது சொல்லப்படும் வழி. அது பலன் தருகிறது, ஆனால் ஏற்கெனவே காய்ந்துபோன மண்ணில் அமிலம் முழுதாகக் கழுவிப் போகப் பல பத்தாண்டுகள் ஆகும். படகு போக வழி வேண்டும் என்று ஃபிளாடா வாயைத் தோண்டினாலும் இதே சேறு வெளியே வரும், மீன் குஞ்சு பொரிக்கும் இடமும் போகும். படகுத்துறையை நகர்த்துவதும் தோண்டுவதும் அங்கே சாதாரண விஷயமாகப் பார்க்கப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நகர்த்துங்கள், தோண்டாதீர்கள் என்பேன்.

உள்நாட்டு ஏரிகளையும் இது விடவில்லை. வடமேற்கு வேகமாகவும் தென்கிழக்கு மெதுவாகவும் உயர்வதால், நாடே ஒரு தாம்பாளம் போலச் சாய்கிறது. தாம்பாளத்தில் இருக்கும் தண்ணீர் தாழ்ந்த விளிம்பைத் தேடி ஓடும். சாய்மா ஏரி ஒரு காலத்தில் போத்னியா வளைகுடா பக்கம் வடிந்துகொண்டிருந்தது. சாய்மானத்தால் தென்கிழக்கில் நீர் ஏறிக்கொண்டே வந்து, சுமார் 6,000 வருடங்களுக்கு முன் சல்பவுசெல்கா என்ற பனியுக மேட்டை உடைத்துக்கொண்டு வெளியேறியது. அந்த உடைப்புதான் இன்றைய வுவோக்சி ஆறு. இமாத்ரா வழியாக ரஷ்யாவின் லடோகா ஏரிக்குப் போகிறது. சாய்மாவில் மட்டுமே வாழும் ஒரு கடல்நாய் இனம் உண்டு, 500 அளவில்தான் இருக்கின்றன. நிலம் உயர்ந்து கடலோடு தொடர்பு அறுந்தபோது உள்ளே சிக்கியவற்றின் வழிவந்தவை என்பதுதான் பாடப்புத்தக விளக்கம். சிக்கியது உறுதி. ஆனால் அந்த இனம் பிற கடல்நாய்களிலிருந்து பிரிந்தது அதற்கும் வெகு முன்பே என்று சொல்லும் மரபணு ஆய்வுகளும் வந்திருக்கின்றன. அந்த விவாதம் முடியவில்லை.

சரி, கடல் உயர்வுக்கு வருவோம். உலகச் சராசரிக் கடல்மட்டம் இப்போது வருடத்துக்கு 4 மில்லிமீட்டர் அளவில் உயர்கிறது, வேகமும் கூடிக்கொண்டிருக்கிறது. வாசாவில் நிலம் 8 முதல் 9 மில்லிமீட்டர் உயர்வதால், அங்கே கடல் இன்னும் பின்வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஹெல்சின்கியில் 4-க்கு 4. இருபதாம் நூற்றாண்டு முழுக்க அங்கேயும் தண்ணீர் இறங்கியது, இப்போது ஏறக்குறைய சமநிலை. வேகம் கூடினால் அடுத்து ஏறுமுகம்தான். ஹமினா, கோட்கா பக்கம் இன்னும் சீக்கிரம். ஆக, மேற்குக் கரைக்கு இன்னும் பல பத்தாண்டுகள் அவகாசம் இருக்கிறது, தெற்குக் கரைக்கு இல்லை.

இதோடு இன்னொரு சங்கதியும் சேர்கிறது. கிரீன்லாந்தின் பனி தன் எடையால் கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அது உருகினால் அந்த இழுப்பு குறையும். அதனால் கிரீன்லாந்துக்கு அருகே இருக்கும் பின்லாந்தில், அங்கே உருகிய நீரால் வரும் உயர்வு உலகச் சராசரியைவிடக் குறைவு. அண்டார்டிகா உருகினால் இதற்கு நேர்மாறு. அது தூரத்தில் இருப்பதால் பின்லாந்து முழுப் பங்கையும், அதற்கு மேலும் வாங்கும். மேற்கு அண்டார்டிகாவின் பனி எவ்வளவு வேகமாகப் போகும் என்பதுதான் கணிப்புகளில் மிகப் பெரிய சந்தேகம். இந்த நூற்றாண்டு முடிவில் ஹெல்சின்கியில் இத்தனை சென்டிமீட்டர் என்று யாராவது ஒற்றை எண்ணாகச் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு வீச்சாகச் சொல்பவரைக் கேளுங்கள்.

கடைசியாக, வெள்ளம் சராசரியால் வருவதில்லை. பால்டிக்கில் ஓதம் கிட்டத்தட்ட இல்லை, ஆனால் காற்றும் காற்றழுத்தமும் தண்ணீரை ஒரு மூலைக்குத் தள்ளிவிடும். 2005 ஜனவரி 9 அன்று ஒரு புயல் பின்லாந்து வளைகுடாவின் கிழக்கு மூலைக்கு நீரைக் குவித்தது. ஹெல்சின்கியில் சராசரியைவிட 151 சென்டிமீட்டர், ஹமினாவில் 197 சென்டிமீட்டர் ஏறியது. நூறு வருடத்தில் நிலம் உயர்ந்து சேர்த்த நாற்பது சென்டிமீட்டரை ஒரே இரவில் தாண்டிவிட்டது. ஹெல்சின்கியில் கரையோரம் வீடு வாங்கப்போகிறவர் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான், வருடாந்தர மில்லிமீட்டரை அல்ல. புதுக் கட்டடங்களின் தரைமட்டத்தை நகராட்சிகள் இப்போது இதை வைத்துத்தான் நிர்ணயிக்கின்றன.

இன்னும் எவ்வளவு உயரும் என்று அடுத்துக் கேட்பீர்கள். குவார்க்கன் பக்கம் இன்னும் 100 மீட்டர் அளவில் பாக்கி இருக்கிறது என்பது பொதுவான மதிப்பீடு, சிலர் கூட்டியும் சிலர் குறைத்தும் சொல்கிறார்கள். அங்கே கடலடித் திட்டு 25 மீட்டர் ஆழம்தான். இன்றைய வேகமே நீடித்தால் சுமார் மூவாயிரம் வருடத்தில் பின்லாந்தும் சுவீடனும் அங்கே தரைவழியாகச் சேரும், வடக்கே இருக்கும் கடல் பெரிய நன்னீர் ஏரியாகிவிடும். நிலம் உயரும் என்பதில் சந்தேகமில்லை. அந்த மூவாயிரம் வருடக் கணக்கில் கடல் உயர்வு சேரவில்லை, ஆகவே அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எப்போதாவது அந்தப் பக்கம் போனால் வாசாவிலிருந்து ரெப்லோட் பாலத்தைத் தாண்டி பியோர்க்கோபி கிராமம் வரை போங்கள். அங்கே ஸ்வேட்யேஹம்ன் துறையிலிருந்து போட்வாட்னெட் என்ற குளத்தைச் சுற்றி நான்கு கிலோமீட்டர் போல ஒரு நடைபாதை இருக்கிறது. அந்தக் குளம் முன்பு கடலின் குடா, மீனவர் படகு கட்டிய துறை. வழியில் இருபது மீட்டர் உயர மரக் கோபுரம் ஒன்று நிற்கிறது. மேலே ஏறிப் பார்த்தால் பனிப்பாளம் பின்வாங்கியபோது வரிசையாக விட்டுப்போன கல்மேடுகள், உழுத வயலின் சால்போல, தண்ணீருக்குள் போய்க்கொண்டே இருக்கும். சில மேடுகளில் மரம் முளைத்துவிட்டது, சிலவற்றில் புல், சிலவற்றில் வெறும் கல். இன்னும் தூரத்தில் அலை உடைவதை வைத்து மட்டும்தான் அடுத்த மேடு எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியும்.